பத்துக்கு எத்தனை

பதினைந்தை அழுத்தினால் ஆஸ்பத்திரி எடுக்கும்.
பதினெட்டை அழுத்தினால் தீயணைப்பு.
எதை அழுத்தினாலும் பாரிஸில்
பெரும்பாலும் முதலில் வருவது சிவப்பு வண்டிதான்.
நாங்கள் வெள்ளை. ஆஸ்பத்திரியின் பின்கதவிலிருந்து
ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஓட்டுவதற்கு நான்.

பகல் இரண்டே முக்காலுக்கு மணி அடித்தது.
இத்ரிஸ் பாதிக் காப்பியை
அலமாரிக்கு மேல் வைத்தான்.
அங்கே ஏற்கெனவே இரண்டு பாதிகள் ஆறிக்கிடந்தன.

ஊர்க் கால்வாய்ப் பக்கம், ஆறாம் மாடி.
(ஊர்க் என்பது பெயர் மட்டும். ஊர் ஒன்றும் அங்கே இல்லை.
தண்ணீர், இரண்டு படகு, ஒரு சீமெந்து ஆலை.)
தெருக்கதவின் எண்ணை
கட்டுப்பாட்டறைப் பெண் இருமுறை சொன்னாள்.
இருமுறையும் தப்பு.
குப்பையோடு வெளியே வந்த ஒருவர்
கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு நின்றார்.

லிஃப்டில் ஒரு ஆள் நிற்கலாம், இல்லையென்றால்
எங்கள் மெஷின் நிற்கலாம்.
மெஷினை அனுப்பிவிட்டு நாங்கள் ஏறினோம்.

ஒன்பது சதுர மீட்டர் அறை. அதற்குள்
மூன்று தீயணைப்பு வீரர்கள், ஒரு கட்டில்,
கட்டில் விளிம்பில் குகதாசன், ஐம்பத்திரண்டு,
சமையல்காரரின் வெள்ளைக் கோட்டு,
கடைசி இரண்டு பட்டன் போடவில்லை.
ஆக்ஸிஜன் மூடிக்குள்ளிருந்து
என் சட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டினார்.
"தமிழோ?"

டாக்டர் சொலேன் திரும்பிப் பார்த்தாள்.
நோயாளியிடம் கேள்வி கேட்பது சாரதியின் வேலை இல்லை.
இன்று உண்டு.
கேள், என்றாள். பூச்சியம் என்றால் வலியே இல்லை.
பத்து என்றால்
நினைத்துப் பார்க்கக்கூடிய வலிகளிலேயே மோசமானது.
பத்துக்கு எத்தனை?

கேட்டேன்.
கண்ணை மூடி யோசித்தார்,
வருமான வரிப் படிவம் நிரப்புகிறவர் மாதிரி
அவ்வளவு நேர்மையாக.
'நினைத்துப் பார்க்கக்கூடிய' என்ற இடத்தில்
எங்கெங்கோ போய்த் தேடுகிறார் என்று தெரிந்தது.
திரும்பி வந்து சொன்னார்:
"பரவாயில்லை, தம்பி."

என்ன சொல்கிறார்?

'ஒன்றுமில்லை' என்று சொன்னால் மருந்து இல்லை.
'தாங்கலாம்' என்று சொன்னால் மூன்று, மிஞ்சினால் நாலு.
காலர் முழுக்க நனைந்திருந்தது. இடது கையை
வேறு யாருடையதோ போல மடியில் கிடத்தியிருந்தார்.
எட்டு, என்றேன்.

எட்டு, என்று எழுதினாள்.
இத்ரிஸ் மோர்ஃபினை ஊசிக்குள் இழுத்தான்.
எனக்கு வண்டி ஓட்டச் சான்றிதழ் இருக்கிறது.
இதற்கு இல்லை.

பிறகுதான் மெஷின் தாளைத் துப்பியது.
கோடு மூன்று இடத்தில் தூக்கியிருந்தது.
அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

டாக்டர் போனில் இடம் தேடினாள்.
எங்கள் ஆஸ்பத்திரியில் மேசை காலியில்லை,
அடுத்ததிலும் இல்லை,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இருபது நிமிடத்தில்.
சுழல் படிக்கட்டில் நாற்காலியோடு
சிவப்புக்காரர்கள் தூக்கினார்கள், படிக்குப் படி எண்ணி.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
நாற்காலி சுவரில் இடித்தது. அவர் சுவரிடம்
மன்னிப்புக் கேட்டதுபோல் கையை எடுத்தார். என்னிடம்:
"நாலு மணிக்கு வேலை. ஒருக்கா சொல்லிவிடுங்கோ."

பதினேழு நிமிடம்.
எதிர்த் தடத்தில் காதில் பாட்டோடு ஒரு சைக்கிள்,
பாலத்தில் ஒரு பஸ் நடைபாதையில் ஏறி வழி விட்டது.
பின்னாலிருந்து எண்கள் கேட்டுக்கொண்டே இருந்தன.
கண்ணாடியில் நான் தெருவை மட்டும் பார்த்தேன்.

ஒப்படைத்துவிட்டு, முற்றத்தில் நின்று,
அந்த ரெஸ்டாரண்டுக்குப் போன் எடுத்தேன்.
இன்றிரவு நாற்பது பேர், என்றது மறுமுனை.
பாத்திரம் விழும் சத்தம். பிறகு, குரல் இறங்கி,
அவர் எப்படி இருக்கிறார்?

வாயில் வந்த ஒரே சொல்லுக்குப்
பிரெஞ்சு இல்லை.
நாளைக்கும் வரமாட்டார், என்றேன்.

இத்ரிஸ் சிலிண்டரின் முள்ளைப் பார்த்து
அரைவாசி, என்றான்.
ரேடியோ கேட்டது, வண்டி காலியா?
காலி.